கிரீஸ் தடவாத மூன்று மணி நேரம்

காலி நகரத்தில் ஒரு வைத்தியசாலை வார்டு. ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. அதைப் பார்க்க வேண்டாமென்று கட்டிலின் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன்.

கட்டிலில் என் தங்கை புஷ்பாவின் கணவர் லோகநாதன் படுத்திருந்தார். இடது கையை முழங்கை வரை வெள்ளைத் துணியால் சுற்றித் தலையணை மேல் வைத்திருந்தார்கள். சுற்றியிருந்த விதத்திலேயே தெரிந்தது, உள்ளே ஐந்து விரலுக்கு இடமில்லை. மருந்து நெடியோடு, பக்கத்துக் கட்டில்காரருக்கு வீட்டிலிருந்து வந்த கருவாட்டுக் குழம்பின் வாசனையும் கலந்து வந்தது.

நாங்கள் வேலை பார்த்த படகுக் கம்பெனியின் அதிகாரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மடியில் கோப்பு. வலியில் லோகநாதன் தமிழில் மட்டுமே முனகிக்கொண்டிருந்ததால், அதிகாரி என்னைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்: "நீங்கள் உறவினர்தானே. நான் கேட்பதைத் தமிழில் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்குச் சிங்களத்தில் சொல்லுங்கள்."

முதல் கேள்வி, கை எப்படி மாட்டியது என்பது. கேட்டேன்.

லோகநாதன் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். "அதுக்கு முன்னாடி கயிறு ஏன் அறுந்துச்சுன்னு அவர கேக்கச் சொல்லுங்க மச்சான். நல்ல கயிறு அது. கெளம்புற அன்னிக்கு நாந்தான் கையால தடவிப் பாத்தேன். ஒரு பிசிறு இல்ல. அது எப்புடி அறுந்துச்சு?"

அதிகாரி பேனாவைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார்.

லோகநாதன் சொன்னதை நான் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னேன்.

ஒரு வாசகியின் கேள்வி

இந்தப் பத்திரிகைத் தொடரில் இதுவரை டக் படகின் சமையலறையைப் பற்றி எழுதினேன், கடலில் பிடித்த மீன்களைப் பற்றி எழுதினேன், மாலைதீவில் தொலைந்த செருப்பைப் பற்றிக்கூட எழுதினேன். இறம்பொடையிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். "இவ்வளவு ஆசையாகச் சொல்கிறீர்களே, பிறகு ஏன் அந்த வேலையை விட்டீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி.

மூன்று வாரமாக அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுதாமல் இந்தத் தொடரை மேற்கொண்டு எழுதினால், இதுவரை எழுதியதெல்லாம் வெறும் பீற்றலாகிவிடும்.

இரும்புப் பெட்டியும் அதை இழுக்கிறவர்களும்

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். டக் என்பது சின்ன இழுவைப் படகுதான். உடம்பு சிறிது, எஞ்சின் பெரிது. பார்ஜுக்கு எஞ்சினே கிடையாது. பன்னிரண்டு குடும்பத்துக் காம்பிராக்கள் ஒட்டி நிற்கும் ஒரு தோட்டத்து லயத்தை விட நீளமான தட்டையான இரும்புப் பெட்டி அது. எங்கள் பார்ஜில் கருங்கல் சல்லி ஏற்றுவார்கள். காலியில் ஏற்றி, மாலைதீவில் கட்டடம் கட்டும் தீவுகளுக்கு இழுத்துக்கொண்டு போவோம்.

போக நான்கு நாள் ஆகும். வேகம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஹட்டன் பாதையில் பாரம் ஏற்றி ஏற்றம் ஏறும் லொறியைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அந்த வேகம்தான்.

டக்கில் நாங்கள் ஏழு பேர். நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற மாதிரி இங்கேயும் உண்டு. பெயர் கூப்பிடுகிற கண்டாக்கு ஐயாவுக்குப் பதிலாக ஒரு மரப்பலகை. அதில் அவரவர் பெயரும் நேரமும் இருக்கும். சுத்தியலால் துரு தட்டுவது, தட்டிய இடத்தில் சிவப்புச் சாயம் அடிப்பது, தளம் கழுவுவது, எண்ணெய் துடைப்பது. குளிக்க நாளைக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர். வெறுந்தேநீரில்கூட டீசல் வாசனை அடிக்கும். இரண்டு மாதத்தில் அந்த வாசனை இல்லாத தேநீர் சப்பென்று ஆகிவிடும்.

பார்ஜில் இரண்டு பேர் இருப்பார்கள். தகரத்தில் அடித்த சின்ன அறை, ஒரு காஸ் அடுப்பு, உள்ளே வடியும் தண்ணீரை இறைக்க ஒரு பம்பு, எங்களோடு பேச ஒரு வோக்கி. டக்கிலிருந்து பார்த்தால் அந்த இரண்டு பேரும் இரண்டு எறும்பு மாதிரித் தெரிவார்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு. முன்கை அளவு தடித்த நைலோன் கயிறு. அது டக்கின் பின்பக்க இரும்பு விளிம்பில் உட்கார்ந்து, ஒவ்வொரு அலைக்கும் தேயும். தேயாமலிருக்க அந்த இடத்தில் பழைய தண்ணீர்க் குழாயைக் கிழித்துச் சுற்றிக் கட்டி, மேலே கிரீஸ் பூசியிருப்போம். மணிக்கொரு தரம் ஒருவர் பின்தளத்துக்குப் போக வேண்டும். சுற்று விலகியிருந்தால் இழுத்துக் கட்ட வேண்டும். கிரீஸை அள்ளித் தடவ வேண்டும். சமையலறைக் கதவருகே தொங்கும் தாளில் நேரத்துக்கு நேரே சரி அடையாளம் போட வேண்டும்.

அவ்வளவுதான் வேலை. படிக்காதவனும் செய்யலாம்.

"கடல் ஒண்ணுமில்ல மாப்புள"

எங்கள் தேயிலைத் தோட்டம் மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம். அங்கேயிருந்து கடலுக்கு வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். கொழும்பில் கடையில் நின்று, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, அப்படியே டக்கில் தொற்றிக்கொண்டவன். ஆனால் வீட்டுக்கு நான் அனுப்பிய வீடியோக்களில் அதெல்லாம் இருக்காது. கறுப்புக் கண்ணாடி போட்டு, டக்கின் முன்பக்கத்தில் நின்று, பின்னால் நீலக் கடல் தெரிய எடுத்தவை. லயத்தில் எல்லாரும் என்னைக் "கப்பல்காரர்" என்பார்கள். ஏழு பேர் படுக்கும் படகு அது என்று நானும் திருத்தவில்லை.

லோகநாதன் என்னை விட இரண்டு வயது மூத்தவர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் எங்கள் டிவிசனில் அவரை மிஞ்ச ஆளில்லை. இடது கையால் கிளையை ஒரு பிடி பிடிப்பார். வலது கைக் கத்தி ஒரே வீச்சில் சாய்த்து இறங்கும். வெட்டிய வாய் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். தோட்டத்தில் வேலை நாட்கள் குறைந்த பிறகு, ஒரு தீபாவளி லீவில் என்னிடம் வந்தார்.

"மச்சான், ஒங்க கம்பெனியில ஆள் எடுக்குறாங்களா?"

"எடுப்பாங்க. வர்றீங்களா?"

"எனக்கு நீச்சலே தெரியாது மச்சான். காஸல்ரீ டேம் தண்ணியில கால வச்சதுதான்."

நான் சிரித்தேன். "நீச்சல் எதுக்கு? கடல் ஒண்ணுமில்ல மாப்புள. அலைய பாத்து பயப்படுறவன்தான் முழுகுவான். நான் இருக்கேன்ல."

பக்கத்தில் நின்ற புஷ்பா, "நம்பி அனுப்புறேண்ணே" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

நான் சொன்ன அந்த வார்த்தைகளுக்கு ஒரு மாதம் முன்புதான் ஒரு சம்பவம் நடந்திருந்தது. பின்தளத்தில் நான் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது ஓர் அலை ஏறி வந்து என்னைத் தூக்கிக் கைப்பிடிக் கம்பியில் அடித்தது. மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். கம்பி மட்டும் இல்லையென்றால் போயிருப்பேன். அன்றிலிருந்து காற்று பலத்தால் எனக்குக் கால் நடுங்கும். அதை யாரிடமும் சொல்லவில்லை. கப்பல்காரருக்குக் கால் நடுங்கலாமா?

லோகநாதனைப் பார்ஜில் போட்டார்கள், பியதாச என்ற வயதான சிங்களக்காரரோடு. இரண்டே பயணத்தில் லோகநாதன் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டார். காலையில் வோக்கியில் கூப்பிடுவார். "மச்சான், இன்னிக்கி பியதாச ஐயா பருப்பு, நான் சம்பல். ஒங்க பக்கம் என்னா?" கப்டனுக்கு அந்தக் குரல் பிடித்துப்போய்விட்டது. தமிழ் தெரியாவிட்டாலும், "உன் மச்சான் இன்றைக்கு என்ன சமையல்?" என்று என்னைக் கேட்பார்.

அந்த மதியம்

லோகநாதனின் மூன்றாவது பயணம். காலியிலிருந்து புறப்பட்டு ஒன்றரை நாள். காலையிலேயே மேற்கு கறுத்திருந்தது. பன்னிரண்டு மணிக்கு என் முறை தொடங்கியபோது மழை சாய்ந்து அடித்தது. பின்தளத்தில் தண்ணீர் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மணிக்குக் கிரீஸ் வாளியை எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவு வரை போனேன். ஓர் அலை வந்து, நான் நிற்க வேண்டிய இடத்தைக் கழுவிக்கொண்டு போயிற்று. இது கொஞ்சம் குறையட்டும் என்று வாளியைக் கீழே வைத்தேன். தேநீர் ஊற்றிக் குடித்தேன். தாளில் ஒரு மணிக்கு நேரே சரி போட்டேன்.

இரண்டு மணிக்கும் குறையவில்லை. சரி போட்டேன்.

மேலே சுக்கான் பிடித்திருந்தவருக்கு அந்த மழையில் பின்தளம் தெரியாது. யாருக்கும் தெரியாது. துணைக்கு ஒருவரைக் கூப்பிட்டிருக்கலாம். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போயிருக்கலாம். எத்தனையோ பேர் அப்படிச் செய்ய நானே பார்த்திருக்கிறேன். அதற்கு முதலில், "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று ஒருவரிடமாவது சொல்ல வேண்டும்.

மூன்று மணிக்கு வாளியைத் தொடக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டிச் சரி போட்டேன்.

அதற்குப் பிறகு கால் மணி நேரம் இருக்கும். வேட்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம். கழுத்துக் கயிறு அறுந்த மாடு போல டக் முன்னால் பாய்ந்தது. சமையலறைத் தட்டுகள் எல்லாம் தரையில் கொட்டின. வெளியே ஓடிப் பார்த்தேன். விளிம்பில் சுற்றியிருந்த குழாய்த்துண்டு விலகி ஒரு பக்கம் கிடந்தது. கயிற்றின் நுனி பஞ்சாகப் பிரிந்திருந்தது. பார்ஜ் பக்கவாட்டில் திரும்பி, மழைக்குள்ளே மெதுவாக மறைந்துகொண்டிருந்தது.

கப்டன் இறங்கி வந்து அந்த நுனியைக் கையில் எடுத்தார். காலிப் பக்கத்துக்காரர், முப்பது வருடம் கடலில் இருந்தவர். விரலால் தேய்த்துப் பார்த்தார். தம்பி என்ற பொருளில் என்னை எப்போதும் மல்லி என்றுதான் கூப்பிடுவார்.

"கிரீஸே இல்லையே மல்லி?"

"மழையில் கழுவிக்கொண்டு போயிருக்கும் கப்டன். மணிக்கு மணி தடவினேன்."

அவர் தாளைப் பார்த்தார். மூன்று சரியும் இருந்தன. மறுபடி ஒன்றும் கேட்கவில்லை.

வோக்கியில் வந்த குரல்

பார்ஜின் பின்னால் மிதவை கட்டிய உதிரிக் கயிறு ஒன்று எப்போதும் மிதந்து வரும். இப்படி நடந்தால் அதைப் பிடித்துத்தான் மறுபடி கட்ட வேண்டும். அன்று மாலை வரை முயன்றோம். கிட்டப் போனால் பார்ஜ் எங்கள் மேலேயே வந்து மோதும் போலிருந்தது. கடைசியில் கப்டன், "பார்வையில் வைத்துக்கொண்டு கூடவே போவோம், காற்று அடங்கட்டும்" என்றார்.

வோக்கியில் லோகநாதன் கூப்பிட்டார். இரண்டாவது தடவை கூப்பிட்டபோதுதான் எடுத்தேன்.

"மச்சான், கேக்குதா? பயந்துக்கிட்டு இருக்காதீங்க. நாங்க நல்லாத்தான் இருக்கோம். தண்ணி கொஞ்சம் உள்ள வருது, பம்பு ஓடுது. பியதாச ஐயா பிரித் ஓதுறாரு, நான் மாரியாத்தாவ கூப்பிடுறேன். யாராவது ஒருத்தர் கேப்பாங்க."

அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நீச்சல் தெரியாத மனிதர், இழுக்க ஆளில்லாத ஒரு கல் பாரத்தின் மேல் நின்றுகொண்டு.

"ம்" என்று மட்டும் சொன்னேன்.

"புஷ்பாவுக்கு ஒண்ணும் சொல்லிறாதீங்க. சும்மா அழுதுக்கிட்டு கெடப்பா."

அதற்கும் "ம்" என்றேன்.

மறுநாள் பகல் காற்று தணிந்தது. மிதவைக் கயிறு இரவில் எப்போதோ அறுந்து போயிருந்தது. புதுக் கயிற்றை நாங்கள் எறிய, பார்ஜின் முன்பக்கத்தில் லோகநாதனும் பியதாசவும் அதை இழுத்தார்கள். கயிற்றின் முனையில் பெரிய வளையம். அதை இரும்புக் கட்டையில் மாட்ட வேண்டும். இருபத்து நான்கு மணி நேரம் தூங்காமல் பம்பு அடித்த கை. வளையத்தைக் கட்டைக்கு மேல் தூக்கி அவர் இறக்கியபோது ஓர் அலை டக்கை உயர்த்தியது. கயிறு விறைத்தது. இடது கை உள்ளே இருந்தது.

அவர் கத்தியதை நான் வோக்கியில் கேட்கவில்லை. காற்றில் நேராகவே கேட்டேன்.

அந்த நிலையிலும் வளையம் கட்டையில் சரியாக விழுந்திருந்தது. அதனால்தான் பார்ஜும் பியதாசவும் கரை சேர்ந்தார்கள். நாங்கள் காலியை நோக்கித் திரும்பினோம். வழியில் ஒரு வேகப்படகு வந்து லோகநாதனை ஏற்றிக்கொண்டு போயிற்று. மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மறுபடி அந்த வார்டுக்கு

அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். லோகநாதன் கண்ணை மூடியிருந்தார். மருந்து மயக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

சிங்களத்தில் சொன்னேன்: "அவசரப்பட்டுக் கையைத் தவறான இடத்தில் வைத்துவிட்டாராம். தன்னுடைய கவலையீனம்தான் என்கிறார்."

அதிகாரி எழுதினார். பரிதாபமாக ஒரு முறை லோகநாதனைப் பார்த்தார். கயிறு அறுந்ததற்குக் காரணம் மழையும் அலையும் என்று ஏற்கனவே எழுதியாகிவிட்டது. கப்டனும் அதில் கையொப்பமிட்டிருந்தார்.

லோகநாதனின் வலது கையில் பேனாவைக் கொடுத்தார்கள். அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு கையொப்பமிட்டார். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன்.

கவலையீனம் என்ற அந்த ஒரு சொல்லால், கம்பெனியிடமிருந்து அவருக்கு நட்டஈடு என்று எதுவும் வரவில்லை. பஸ்ஸில் அவரை நோட்டன் வரை கொண்டுபோய்ச் சேர்த்தேன். லயத்து வாசலில் புஷ்பா அவர் கையில் இருந்த துணிச் சுற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் மறுநாள் விடியவே கடலுக்குத் திரும்பினேன்.

பரிவட்டம்

நான்கு மாதம் கழித்துத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு லீவில் வந்தேன். முதல் மரியாதை இந்த முறை கப்பல்காரருக்கு என்று கமிட்டிக்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள். வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். பூசாரி என் தலையில் பரிவட்டம் கட்டினார். மாலை போட்டார்கள். மேளம் கொட்டியது.

கூட்டத்தின் ஓரத்தில் லோகநாதன் நின்றார். இடது கையைச் சாரத்தின் மடிப்புக்குள் மறைத்து வைத்திருந்தார். கவ்வாத்துக்கு அவரால் போக முடியவில்லை. கிளையைப் பிடிக்கிற கை அது. லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் லீக்ஸ் நட்டுக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். புஷ்பா கொழுந்து பறிக்கப் போனாள்.

அவருக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் சத்தமாகவே சொன்னார்: "ஒரே வீட்டு ஆளுங்கதான். ஒருத்தரு பொழைக்கத் தெரிஞ்சவரு. இன்னொருத்தரு ரெண்டு மாசத்துல கைய குடுத்துட்டு வந்துட்டாரு. அதுக்கெல்லாம் ஒரு தெறம வேணும்."

லோகநாதன் அந்த ஆளைப் பார்த்துச் சிரித்தார். "ஆமாங்க" என்றார்.

தலையில் கட்டியிருந்த துணி நெருப்பாகச் சுட்டது என்றெல்லாம் எழுதலாம். உண்மையில் அது ஈரத் துணி, நெற்றியில் குளிர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதை அவிழ்த்து அவர் கையில் கொடுக்கிற தைரியம் எனக்கு அங்கே வரவில்லை. மாலையோடு தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி வந்தேன்.

தங்கை கேட்டது

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பனி இன்னும் விலகவில்லை. புஷ்பா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். லோகநாதன் வாசற்படியில் உட்கார்ந்து லீக்ஸ் நாற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மாப்புள, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "வார்டுல நீங்க கயிற பத்திக் கேக்கச் சொன்னீங்க. நான் கேக்கல. ஒங்க தப்புன்னு மாத்திச் சொல்லிட்டேன்."

அவர் நிமிரக்கூட இல்லை. "தெரியும் மச்சான்."

"தெரியுமா?"

"நோட்டன் பஜார்ல அஞ்சு வருசம் மூட்ட தூக்கியிருக்கேன். எனக்கு சிங்களம் தெரியாதா? வலியில பேச வரல. காது நல்லாத்தான் கேட்டுச்சு."

"பொறகு ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"கப்டன் ஒங்கள மெரட்டி வச்சிருப்பாருன்னு நெனச்சேன். நான் போடலன்னா ஒங்க வேலையும் போயிரும். ஒரு வீட்டுல ரெண்டு ஆம்பளையும் சும்மா ஒக்காந்தா எப்புடி? கை போனது போனதுதான். விடுங்க மச்சான்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கப்டன் மேல் பழியைப் போட்டுவிட்டு அதன் வழியாக வெளியே போயிருக்கலாம். ஒரு கணம் போகத்தான் நினைத்தேன்.

"கப்டன் ஒண்ணும் மெரட்டல" என்றேன். "அன்னிக்கி கயித்துக்கு கிரீஸ் தடவ வேண்டியது நான். மூணு மணி நேரம் தடவல. சுத்து வெலகிக் கெடந்தத பாக்கவே இல்ல. அல ஏறுச்சு, பயந்துட்டேன். உள்ள ஒக்காந்து டீ குடிச்சிக்கிட்டு, தடவுனேன்னு தாள்ல சரி போட்டேன்."

நாற்று அவர் கையிலிருந்து படியில் விழுந்தது. மீதி இருந்த இரண்டு விரல்களையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்தார். ஒன்றும் சொல்லாமல் லயத்துக்குப் பின்னால் நடந்து போனார்.

ரொட்டி கருகும் வாசனை வந்தது. புஷ்பா அடுப்படி வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"எண்ண தடவுற வேலதானண்ணே அது?" என்றாள்.

படியில் விழுந்த நாற்றைப் பொறுக்கக் குனிந்தேன்.

"அதத்தானே கேக்குறேன். கைய அறுத்துக் குடுன்னு ஒங்கள யாரும் கேக்கலையே. எண்ண தடவச் சொன்னாங்க. கயித்து மறுமுனையில என் புருசன் நிக்குறாருன்னு தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்ப எழுதிக் குடுங்க. இப்ப என்கிட்ட சொன்னத அப்படியே கம்பெனிக்கு எழுதிக் குடுங்க. அவரு தப்பு இல்லன்னு ஒரு தாள் இந்த வீட்டுக்கு வரணும். அது வர்ற வரைக்கும் நீங்க இந்த வாசப்படிய மிதிக்காதீங்கண்ணே."

சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. கருகிய ரொட்டியைத் திருப்பப் போய்விட்டாள்.

ஹட்டனில் ஒரு தேநீர்க் கடை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். நான்கு தாள் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் மழையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தேன். ஐந்தாவது தாளில் மழை இல்லை.

கம்பெனியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலை போயிற்று. போக வேண்டியதுதான். துறைமுக வாசலில் கப்டன் என்னைப் பார்த்து, "எல்லாம் முடிந்த பிறகு ஏன் மல்லி இப்படிச் செய்தாய்?" என்றார். சற்று நின்று, "அன்றைக்கே எனக்குச் சந்தேகம்தான். நானும்தானே கேட்காமல் விட்டேன்" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே போனார்.

பள்ளிக்கூட வேலி

இரண்டு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அப்போது ஹட்டனில் ஓர் இரும்புக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். புஷ்பா தொலைபேசியில், "தாள் வந்திருக்கு. வாங்க" என்றாள்.

போனபோது லோகநாதன் வெளுத்த சட்டை போட்டுத் தயாராக நின்றார். கையில் பழுப்பு உறை. கடிதம் முழுக்கச் சிங்களத்தில், தட்டச்சில். பேச்சுச் சிங்களம் தெரியுமே தவிர அவருக்கு வாசிக்க வராது. எனக்கு வரும். நான் கையை நீட்டினேன்.

அவர் உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "டீச்சர் வாசிச்சா போதும்" என்று புஷ்பாவிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு டீச்சர் இருந்தார். சிங்களம் நன்றாக வாசிப்பார். லோகநாதன் முன்னால் நடந்தார். இருபதடி விட்டு நான் பின்னால் போனேன். வரச் சொல்லவும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் இல்லை.

அவர் வகுப்பறைக்குள் போனார். நான் வேலிக்கு வெளியே நின்றேன். பாதிச் சுவர் வைத்த வகுப்பறை. உள்ளே பேசியதெல்லாம் கேட்டது.

டீச்சர் முதலில் தனக்குள் வாசித்தார். பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். "அண்டைக்கு நடந்த விபத்தில உங்கட பிழை ஒண்டும் இல்லையெண்டு எழுதியிருக்கினம். கவலையீனம் எண்ட சொல்லை எடுத்துப் போட்டினம். உங்கட நட்டஈட்டை மறுபடி பாக்கினமாம்."

"இன்னொரு தடவ சொல்லுங்க டீச்சர்" என்றார் லோகநாதன்.

அவர் மறுபடி சொன்னார். இந்த முறை இன்னும் மெதுவாக.

"கீழ ஒரு ஆளின்ர பேர் கிடக்கு. தன்ர பிழையைத் தானே எழுதிக் குடுத்தவராம். ஆர் இவர்? நல்ல மனிசன் போல."

தாளை மடித்து உறைக்குள் வைக்கும் சத்தம் கேட்டது.

"என் சம்சாரத்தோட அண்ணன்ங்க டீச்சர்" என்றார் லோகநாதன். "நல்ல மனுசன்னு சொல்ல முடியாதுங்க. நாலு மாசம் கழிச்சு சொன்னவரு."

வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அது சரியென்றே பட்டது.

அவர் வெளியே வந்தார். மலையுச்சியில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. உறையை நனையாமல் சட்டைக்குள்ளே செருகி, என்னைத் தாண்டி நாலடி போய், திரும்பாமலே சொன்னார்:

"மழ வருது. நடங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் நடந்தேன்.

இப்போது பேசுகிறார். லீக்ஸ் விலை பேசுவோம், பிள்ளைகளின் படிப்பு பேசுவோம். புஷ்பா சாப்பாடு போடுகிறாள். ஆனால் முன்பெல்லாம் எந்தப் பேச்சிலும் மச்சான் என்ற சொல் தானாக வந்து விழும். அன்றைக்கு அவர் அதைச் சேர்த்துச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.